தொழிலாளரும் அறிவுப் பகிர்வும்

திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளிக்குச் செல்லும் வழியில் அமைந்திருப்பது சாம்பல்தீவு. கடலும் களப்பும் அணைந்த இவ்வூரைச் சூழ்ந்த கிழக்குக் கரையில் கரைவலைத் தொழில் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. வலைக்கு உடையவர் சம்மாட்டி. வலை இழுப்போர் பலர். நீரின் நிறத்தையும் அசைவையும் நோக்கி மீன்கூட்டத்தின் வரவை அறிவிப்பவர் அனுபவம் முதிர்ந்த ஒருவர். இக்குழுவும் ஒரு தாபனமே.

இத்தாபனத்தில் அறிவு எவ்வாறு பரவுகின்றது என்பதை உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். காற்று மாறுகின்றது என்னும் எச்சரிக்கையை மீனவர் ஒளிப்பதில்லை. அஃது எல்லோர் உயிரையும் காப்பது. ஆனால், மீன் மிகுதியாகப் படும் இடத்தைத் தனித்துத் தொழில் செய்பவர் பிறர்க்கு எளிதில் உரைப்பதில்லை. அஃது அவருடைய பிழைப்பின் முதல். கரைவலைக் குழுவிலோ அத்தகைய அறிவும் உரத்த குரலில் அறிவிக்கப்படுகின்றது. அறிவிப்பவருக்கும் பிடிபடும் மீனில் பங்கு உண்டன்றோ!

இதனை மனத்திற் கொண்டு இக்காலத்துப் பெருந் தாபனங்களை நோக்குவோமாக. துறைமுகத்திலும் ஆலையிலும் இயந்திரம் பழுதுற்றால், கைநூலில் எழுதப்படாத நுணுக்கத்தை நெடுநாள் உழைத்த தொழிலாளி அறிந்திருப்பார். அவர் ஓய்வு பெறும் நாளில் அவ்வறிவும் அவருடன் வெளியேறுகின்றது. இவ்விழப்பைத் தடுக்கவே, ஊழியர் அறிந்தவற்றைக் கணினியில் தொகுத்து யாவரும் பயன்கொள்ளச் செய்யும் முறைகளை நிர்வாகத்தினர் ஏற்படுத்துகின்றனர். ஆயினும், பொருட்செலவில் அமைத்த தொகுப்புகள் பல வெறுமையாகவே கிடக்கின்றன. காரணம் யாது?

பிரெட் டேவிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1989 ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் தந்தார். புதிய கருவி தமக்குப் பயன்படும் என்ற எண்ணமும், கையாள எளிது என்ற எண்ணமுமே மக்களை அதனை ஏற்கச் செய்கின்றன என்பது அவர் கொள்கை. இஃது உண்மையே. ஆனால், அறிவைப் பெறுவது வேறு, கொடுப்பது வேறு. கொடுப்பவர் உள்ளத்தில் வேறு ஐயங்கள் எழும். ‘தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டால் நாம் வேண்டாதவராகி விடுவோமோ? நம் அறிவை மேலதிகாரி தம்முடையதாகக் காட்டிக்கொள்வாரோ? சொன்னது பிழைத்தால் பழி நம்மீது விழுமோ?’ இவ்வையங்களைக் கட்டளையால் அகற்ற இயலாது.

இதற்கு செராக்ஸ் நிறுவனத்தின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு. நகலெடுக்கும் இயந்திரங்களைத் திருத்தும் தொழிலாளரோடு உடன்சென்று, ஜூலியன் ஓர் என்னும் மானிடவியலாளர் 1980களில் ஆராய்ந்தார். கைநூல் கைவிட்ட இடத்தில், உணவு வேளையிலும் ஓய்வு வேளையிலும் அவர்கள் ஒருவருக்கொருவர் கூறிய பழுதுக் கதைகளே வழிகாட்டின என்பதை அவர் கண்டார். பின்னர் 1990களில், ‘யுரேகா’ என்னும் தொகுப்பு பிரான்சு நாட்டில் தொடங்கிப் பிற நாடுகளுக்கும் பரவியது. தொழிலாளி எழுதிய குறிப்பை அதே தொழில் அறிந்தவர்கள் சரிபார்த்தனர். எழுதியவர் பெயரோடு அது வெளியிடப்பட்டது. பணவெகுமதியினும், சக தொழிலாளர் நடுவே கிடைக்கும் நன்மதிப்பையே அவர்கள் பெரிதாகக் கருதினர்.

எனவே, அறிவுப் பகிர்வை விரும்பும் நிர்வாகம் முதலில் செய்ய வேண்டியது கணினி வாங்குவதன்று. அறிவைக் கொடுத்தவரின் பெயர் நிலைக்க வேண்டும். அவர் வேலைக்கு ஊறு நேராதென்ற உறுதி வேண்டும். குறிப்பைச் சரிபார்ப்பவர் தொழில் அறிந்தவராக இருத்தல் வேண்டும். எழுதுவதற்கு வேலை நேரத்திலேயே இடம் அளிக்க வேண்டும். விளையும் ஆதாயத்தில் அவருக்கும் பங்கு இருத்தல் வேண்டும். பங்கில்லாத வலைக்கு மீன் வரவை யார் அறிவிப்பார்?