பழைய காரின் சத்தம்: ஸ்பானரைத் தொடும் முன்

(நமது பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பழைய கார்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கார் வரலாற்றை ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு ஆறிப் போய்விடும். அதனால் ஒரே ஒரு விஷயம். பழைய காரில் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் முதலில் என்ன செய்யணும்? ஸ்பானரைத் தூக்கக் கூடாது. நாலு கேள்வி கேட்கணும்.

முதல் கேள்வி: வண்டி நிற்கும்போதும் சத்தம் வருதா? வந்தால் இன்ஜின் பக்கம் தேடுங்கள். ஓடும்போது மட்டும் என்றால், பெரும்பாலும் சக்கர பேரிங், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட், ஸ்பிரிங் பட்டை ஆகியவற்றில் ஒன்று.

இரண்டாவது: சத்தத்தின் தாளம் என்ன? கிராங்க் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றினால் நொடிக்கு 10. கேம் ஷாஃப்ட் அதில் பாதி, அதாவது 5. பாதி வேகத்தில் மெல்லிசாக 'டிக் டிக்' என்று கேட்டால் டேப்பெட் மீது சந்தேகப்படலாம். அம்பாஸடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினில் அந்த இடைவெளி 0.015 அங்குலம், சுமார் 0.38 மி.மீ. ஃபீலர் கேஜ் இருந்தால் வீட்டிலேயே சரி செய்யலாம்.

மூன்றாவது: குளிர்ந்த நிலையிலா, சூடான பிறகா? காலையில் தட்டிவிட்டு, சூடானதும் அடங்கினால் பிஸ்டன் தேய்மானமாக இருக்கலாம். சூடாகி ஆயில் இளகிய பிறகு கூடினால் பேரிங்கைக் கவனிக்கணும்.

நான்காவது: எந்த சிலிண்டர்? பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஒரு சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் குறைந்தால், அந்த சிலிண்டரின் பிக்-எண்ட் பேரிங் தேய்ந்திருக்கலாம். ஷாக் அடிக்கும், கைப்பிடியில் ரப்பர் போட்ட குறடு வேண்டும். வேட்டி, துண்டு, தொங்கும் துப்பட்டாவோடு ஃபேன் பக்கம் போகவே போகாதீர்கள்.

இது எங்கே பயன்பட்டது என்று சொல்கிறேன். என் வகுப்புத் தோழர் ஒருவரிடம் அவருடைய அப்பா ஓட்டிய 1972 மாடல் அம்பாஸடர் இருக்கிறது. கனமான தட்டல் சத்தம். ஒர்க்‌ஷாப்பில், "இன்ஜினை இறக்கி, கிராங்க் கிரைண்டிங் பண்ணணும் சார்" என்று பெரிய தொகை சொல்லிவிட்டார்கள். வீட்டில் அப்போது மகள் கல்யாணச் செலவு. வண்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டார். மனசு கேட்காமல் எனக்கு போன் பண்ணினார்.

நாலு பிளக் ஒயரையும் மாற்றி மாற்றிக் கழற்றினோம். சத்தத்தில் மாற்றமே இல்லை. கேஜ் வைத்து ஆயில் பிரஷர் பார்த்தோம், சரியாக இருந்தது. பிறகு இன்ஜினை நிறுத்தி, ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தோம். சத்தம் நின்றுவிட்டது! பெல்ட் இல்லாவிட்டால் வாட்டர் பம்ப்பும் ஓடாது என்பதால் அரை நிமிடத்திலேயே இன்ஜினை ஆஃப் பண்ணிவிட்டோம்.

டைனமோ புல்லியைக் கையால் ஆட்டினால் ஆடியது. நட்டு தளர்ந்து, உள்ளே இருக்கும் வுட்ரஃப் கீ என்ற பிறைவடிவ இரும்புத் துண்டு தேய்ந்திருந்தது. அந்த ஆட்டம்தான் இன்ஜின் தட்டல் மாதிரி கேட்டது. புதுக் கீ, ஸ்பிரிங் வாஷர் போட்டு நட்டை முறுக்கினோம். செலவு ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக் காசு. அந்த மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை. காதுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான். பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றைய கார்களில் ஸ்கேனர் மாட்டினால் கோடு நம்பர் வந்துவிடும். தளர்ந்த புல்லிக்கு எந்த ஸ்கேனரிலும் நம்பர் கிடையாது. அம்பாஸடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. நல்ல உதிரி பாகம் தேடி அலையணும். அவசியம் இல்லாமல் ஒரு இன்ஜினைப் பிரிப்பது அந்த வண்டியின் ஆயுளையே குறைக்கும். ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பார்த்ததைக் குறித்து வையுங்கள். லேபில் நம் ஆசிரியர்கள் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தான்.

தோழரின் கார் மகளின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பில் போனது. இன்று வெளியே வேப்ப மரத்தடியில் நிற்கிறது. சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பானெட்டைத் திறந்து காட்டுகிறோம்.