போர்வைக்குள் நுழையும் வழி

(கொடிகாமத்தில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். விண்ணப்பம், புலமைப்பரிசில், விசா பற்றிச் சொல்ல இப்போது ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நாங்கள் அங்கே போய் இறங்கிய முதல் வாரத்தைப் பற்றி மட்டும் பேசப் போகிறோம். ‘நாங்கள்’ என்றால் இருவர். இந்தச் சந்தியில் ஒரே பஸ் ஏறிப் பள்ளிக்குப் போய், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். மற்றவர் இன்று கடமையில் இருப்பதால் அவருக்கும் சேர்த்தே பேசுகிறோம்.

இலங்கையில் வைத்திய நிபுணராக வருவதற்குப் பரீட்சையில் சித்தியடைந்தால் மட்டும் போதாது. எங்கள் காலத்தில் வெளிநாட்டு வைத்தியசாலை ஒன்றிலும் பயிற்சி பெற வேண்டியிருந்தது. அப்படித்தான் 2013 ஜனவரியில் இங்கிலாந்துக்குப் போனோம். 1990இல் நின்ற யாழ்தேவி அப்போது கொடிகாமத்துக்குத் திரும்பியிருக்கவில்லை, 2014இல்தான் வந்தது. ரயில் இல்லாத ஊரில் வளர்ந்த நாங்கள், விமான நிலையத்திலிருந்து மூன்று ரயில் மாறிப் போய்ச் சேர்ந்ததைப் பெரிய வெற்றியாக நினைத்தோம்.

ஆனால் விடுதி அறையில் தோற்றுப் போனோம். பகல் முழுவதும் வேலை; இரவில் தாங்க முடியாத குளிர். கம்பளிச் சட்டை, அதற்கு மேல் கோட்டு, இரண்டு சோடி காலுறை எல்லாம் போட்டுக்கொண்டு நான்கு இரவுகள் படுத்தோம். இந்த நாட்டுக் குளிர் இப்படித்தான் போலும் என்று எங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஐந்தாம் நாள் அறை துப்புரவு செய்ய வந்த அம்மா ஒருவர் உள்ளே காலடி வைத்ததும் திகைத்துப் போனார். சுவரோரம் இருந்த வெள்ளை இரும்புப் பெட்டியின் அடியில் ஒரு திருகி இருந்தது. அதைத் திருப்பிவிட்டார். அரை மணித்தியாலத்தில் அறை சூடாகியது. அந்தப் பெட்டியின் மேல்தான் நாங்கள் நான்கு நாளாகப் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தோம்!

பின்னொரு நாள் கணித மேதை இராமானுஜனின் வாழ்க்கையை வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. அவர் 1914 மார்ச் 17இல் மதராசில் கப்பலேறி ஏப்ரல் 14இல் லண்டன் போய்ச் சேர்ந்தார். பின்னர் கேம்பிறிட்ஜ் ட்ரினிற்றிக் கல்லூரியில் அவருக்கு அறை கிடைத்தது. அங்கே அவருக்கு நண்பரானவர் வங்காளத்து மாணவர் மஹலனோபிஸ். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவியவர். இராமானுஜன் இரவில் குளிரால் வாடுவதை அறிந்த அவர் படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் கட்டிலின் ஓரங்களில் இறுகச் செருகப்பட்டபடி, குலையாமல் இருந்தன. அவற்றை இழுத்து விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியாது. அவற்றின் மேலேயே, கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையால் போர்த்திப் படுத்திருந்தார். மஹலனோபிஸ்தான் கம்பளியை விலக்கிக் காட்டிக் கொடுத்தார்.

உலகமே வியந்த மூளை அது. ஆனால் போர்வைக்குள் எப்படி நுழைவது என்பதை மூளை கண்டுபிடித்துத் தராது. யாராவது காட்டித் தர வேண்டும். அல்லது நாம் கேட்க வேண்டும்.

கேட்காமல் விட்டால் குளிர் மட்டும்தான் மிச்சம் என்று நினைக்காதீர்கள். அதே வாரத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விடுதிச் சாலையிலிருந்து தாதி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ஒரு நோயாளர் ‘பூர்லி’யாக இருக்கிறார் என்றார். எங்கள் புத்தக ஆங்கிலத்தில் அதற்குக் கொஞ்சம் சுகமில்லை என்றுதான் பொருள். சரி என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த குறிப்பை எழுதி முடித்து ஆறுதலாகப் போனோம். அங்கத்தைய வைத்தியசாலைப் பேச்சில் அது, நிலைமை மோசம் என்ற பொருளிலும் வரும். நல்ல காலம், அந்தத் தாதி வேறொருவரையும் அழைத்திருந்தார். நோயாளர் பிழைத்தார். மூத்த வைத்தியர் எங்களைத் தனியே கூப்பிட்டு, விளங்காததை ஏன் கேட்கவில்லை என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். எம்மில் யார் அந்தத் தொலைபேசியை எடுத்தது என்று கேட்பீர்கள். அவர் இன்று கடமையில் இல்லை. இந்த மேடையில்தான் நிற்கிறார்.

ஏன் கேட்கவில்லை? கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று பெயரெடுத்தவர்கள் நாங்கள். கேள்வி வந்ததும் கையை உயர்த்திப் பதில் சொல்லிப் பழகிய எங்களுக்கு, தெரியாது என்று சொல்லக் கையை உயர்த்தப் பழக்கம் இருக்கவில்லை. இலங்கையில் படித்தவர்களுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார்களோ என்ற வெட்கமும் இருந்தது. அந்த வெட்கத்துக்கு ஒரு நோயாளர் விலை கொடுத்திருப்பார்.

இதில் இரண்டு பக்கக் கடமை உண்டு. போகிறவர் கேட்க வேண்டும். முன்னரே போனவர் விசாரிக்க வேண்டும். இரண்டாவதை எங்களுக்கு இந்த ஊர் ஏற்கெனவே கற்றுத் தந்திருக்கிறது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்துச் சனம் கொட்டும் மழையில் தென்மராட்சிக்கு வந்தபோது, எங்கள் வீட்டு விறாந்தையில் யார் எவர் என்று தெரியாத நான்கு குடும்பங்கள் இருந்தன. அவர்கள் கேட்கும்வரை அம்மா காத்திருக்கவில்லை. “கிணறு அங்கால இருக்கு பிள்ளை, சாப்பிட்டனீங்களே, மாத்திக் கட்டத் துணி இருக்கோ?” என்று தானே கேட்டா. 2000ஆம் ஆண்டில் நாங்களே இடம்பெயர்ந்து போனபோது, வேறொரு வீட்டு அம்மா எங்களிடம் அதையே கேட்டா.

ஆகவே, லண்டன், பாரிஸ், ரொறன்ரோ, சிட்னி என்று எங்கும் வாழும் எங்கள் பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். எமது கல்லூரித் தங்கை ஒருத்தி உங்கள் நகரத்துக்குப் படிக்க வந்தால், முதல் வாரத்திலேயே நேரில் போய்ப் பாருங்கள். சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் சொல்லுவாள். அறை சூடாக இருக்கிறதா, இன்று என்ன சமைத்தாய், குடும்ப வைத்தியரிடம் பதிந்துவிட்டாயா என்று பிரித்துக் கேளுங்கள். வைத்தியர்களாக இன்னொன்றும் சொல்கிறோம். எங்களைப் போன்ற நிறமுள்ளவர்கள் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி எடுப்பது நல்லது என்பது பிரித்தானியச் சுகாதார சேவையின் ஆலோசனை. இதையும் சொல்லி வையுங்கள்.

போகவிருக்கும் தங்கைமாரே, பெட்டியில் மிளகாய்த்தூளோடு ஒரு வசனத்தையும் வைத்துக்கொண்டு போங்கள். “எனக்கு இது தெரியாது, ஒருக்கால் காட்டித் தாருங்கோ.” அதை அந்த நாட்டு மொழியில் பிழையில்லாமல் சொல்லப் பழகுங்கள். அதைச் சொல்வதால் உங்கள் கல்லூரியின் பெயர் ஒருபோதும் கெடாது.