சிறு பலகையில் லினக்ஸ்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிள்ளைகளுக்குக் கணிப்பொறி வாங்க விரும்பியும் விலைக்கு அஞ்சி நிற்கும் பெற்றோர் நம்மிடையே பலர் உளர். அன்னார்க்கு ஒரு வழி கூறவே யான் முன்வந்துள்ளேன்.

1985ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஆர்ம் செயலி பிறந்தது. 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை உலகுக்கு அளித்தார். இவ்விரண்டும் கைகோத்ததன் பயனே 2012 பிப்ரவரி 29ஆம் நாள் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை. அதுவும் கேம்பிரிட்ஜில் உருவானதே. வங்கி அட்டையளவே உள்ள அப்பலகை அன்று 35 டாலருக்கு விற்கப்பெற்றது.

மேசைக் கணிப்பொறியில் பயாஸ் முதலில் விழித்து, உறுப்புகளைத் தேடிக் கண்டுகொள்ளும். முதல் ராஸ்பெரி பையிலோ பயாஸ் இல்லை. சில்லின் வரைகலைப் பகுதியே முதலில் விழித்து, மெமரி கார்டிலுள்ள தொடக்கக் கோப்புகளைப் படித்து, பின்னர் ஆர்ம் செயலியை எழுப்பும். எவ்வுறுப்பு எங்குள்ளது என்பதை இக்கால லினக்ஸுக்கு உரைப்பது 'டிவைஸ் ட்ரீ' என்னும் குறிப்பேடு. ஆதலின் ஒரு பலகைக்கென அமைத்த கார்டு வேறு பலகையிலும் ஓடும் என எண்ணுதல் கூடாது.

நிறுவும் முறை எளிது. பலகைக்கு உரிய லினக்ஸ் படிமத்தை இறக்கிக்கொள்க. அது பழுதின்றி வந்ததா எனச் சரிபார்க்க. அதற்கென உள்ள மென்பொருளால் கார்டில் எழுதுக. கோப்பாக நகலெடுத்து வைப்பின் பலகை விழிக்காது. மின்சாரம் குறையின் இடையில் நின்றுவிடும். ஆகவே நல்ல அடாப்டர் இன்றியமையாதது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. மலிவுப் பலகைகள் சிலவற்றிற்கு, செய்தவரே மாற்றியமைத்த லினக்ஸ் மட்டுமே உண்டு. அவர் கைவிட்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும், பலகை அநாதையாகும். அப்பலகைக்கான ஆதரவு லினக்ஸின் மூல நிரலில் சேர்ந்துள்ளதா என முதலில் வினவுங்கள். விலையைப் பின்னர்க் கேளுங்கள்.

மென்பொருளைக் குழந்தை எவ்வளவு குலைத்தாலும், கார்டை மீண்டும் எழுதினால் கணிப்பொறி புதிதாகிவிடும். அஞ்சாமல் கற்க இதனினும் சிறந்த கருவி ஏது? தமிழ் எழுத்துருவும் தமிழ்த் தட்டச்சும் லினக்ஸில் விலையின்றிக் கிடைக்கின்றன. பள்ளியில் தமிழ் பயிலும் வாய்ப்பில்லாத நம் செல்வங்கள், தம் கையால் அமைத்த பொறியில் தம் பெயரைத் தமிழில் எழுதட்டும்!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!