கூவத்தைப் படம் பிடித்த கதை



“கூவத்துல போய் என்னம்மா படம் எடுப்பீங்க?” என்று வீட்டில் சிரித்தார்கள். கேசவரம் அணைக்கட்டுப் பக்கமிருந்து வரும் ஆறு. பருத்திப்பட்டு, திருவேற்காடு, மதுரவாயல் தாண்டி நேப்பியர் பாலத்துக்கிட்ட கடலில் சேருகிறது. ஏறக்குறைய 70 கிலோமீட்டர். நாங்கள் எடுத்தது பருத்திப்பட்டு தடுப்பணைப் பக்கம் மட்டும்தான்.

கையில் ஒரே ஒரு செல்போன். முதல் நாள் பேசிக்கிட்டே போனோம். ஆள்காட்டிக் குருவி கத்தி, இருந்த பறவையெல்லாம் கிளம்பிடுச்சு. மறுநாள் விடியறதுக்குள் போய், புதரோரம் அசையாமல் உட்கார்ந்தோம். மடையான், நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாம் வந்தன. நீளச் சிவப்புக் கால் வைத்த பவளக்கால் உள்ளானும் வந்தது. அது சாக்கடை தேங்கின இடத்திலும் இரை தேடும். அதனால, பறவை நிக்குதே, ஆறு நல்லாத்தான் இருக்குன்னு நினைச்சிடக் கூடாது. மீன்கொத்திக்கு மேலிருந்து மீன் கண்ணுக்குத் தெரியணும். கலங்கின பக்கம் அது ஒரு நாளும் வரலை.

அந்த உள்ளான் காலடியில் ஒரு கவர் கிடந்தது. வீட்டுக்கு வந்து பெரிசாக்கிப் பார்த்தால், எங்க தெரு மளிகைக் கடைப் பேரு! “அதை வெட்டிடு, நம்ம மானம் போயிடும்” என்றார்கள் குழுவில் பாதிப் பேர். ரெண்டு கூட்டம் இதே பேச்சு. நான் வெட்ட மாட்டேன்னு நின்னேன். அதே மாதிரிக் கவர்லதான் அந்த வாரம் நானும் பருப்பு வாங்கியிருந்தேன்.

இப்போ அது படத்துல இருக்கு. சாப்பாட்டுக்கு அப்புறம் போடுறோம், மொத்தம் எட்டே நிமிஷம். இருந்து பார்த்துட்டுப் போங்க.