குற்றவாளிக் கூண்டில் டேவிட் மில்ஸ்



வழக்காடு மன்றத்தில் வாலியை ஏற்றியாச்சு, கும்பகர்ணனை ஏற்றியாச்சு. கைகேயி பாவம், ஊர் ஊராக வந்து நின்னு நின்னு கால் வலிச்சுப் போச்சு. (சிரிப்பு) இன்னைக்கு அமெரிக்காவில் இருந்து ஒருத்தரை அழைச்சிட்டு வந்திருக்கோம். 1995-ல் வந்த 'செவன்' படத்தின் துப்பறியும் அதிகாரி டேவிட் மில்ஸ். படத்தை இயக்கியவர் டேவிட் ஃபிஞ்சர். மில்ஸாக நடித்தவர் பிராட் பிட்.

பார்க்காதவர்களுக்காகக் கதை. ஜான் டோ என்று ஒருவன். ஏழு பாவங்களின் பேரில் வரிசையாகக் கொலை செய்கிறான். பிறகு அவனே வந்து சரணடைகிறான். இன்னும் இரண்டு உடல்கள் இருக்கின்றன, மில்ஸும் மூத்த அதிகாரி சாமர்செட்டும் மட்டும் கூட வந்தால் இடத்தைக் காட்டி, முழு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுவதாக வக்கீல் மூலம் சொல்கிறான். பொட்டல்காட்டுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு வேன் வருகிறது. வேனில் ஒரு பெட்டி. பெட்டியில் மில்ஸின் மனைவியின் தலை. அவள் கர்ப்பமாக இருந்தாள் என்பதைக் கொன்றவன் வாயாலேயே அந்தக் கணவன் தெரிந்துகொள்கிறான். சுடுகிறான். படம் பார்த்த பிறகு என் வீட்டுக்காரி ரெண்டு நாள் எந்தப் பார்சலையும் பிரிக்கலை. (சிரிப்பு)

எதிரணித் தலைவர் ஐயா கண்கலங்கக் கேட்டார்: "அந்த இடத்தில் நீங்க இருந்தா என்ன செய்வீங்க?" ஐயா, நானும் சுட்டிருப்பேனோ என்னவோ! ஆனா சுட்டுட்டு கூண்டிலேயும் ஏறியிருப்பேனே! (கைதட்டல்) படத்தில் அதுதான் நடக்கலை. போலீஸ் காரின் பின் சீட்டில் மில்ஸை உட்கார வைக்கிறார்கள், அவரை நாங்க பார்த்துக்குவோம் என்கிற மாதிரி மேலதிகாரி சொல்கிறார், படம் முடிஞ்சு போச்சு. கோர்ட்டு இல்லை, ஜூரி இல்லை. விட்டுப்போன அந்த வேலையைச் செய்யத்தான் நான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மில்ஸைத் தூக்கில் போடு என்று நான் கேட்கவில்லை. படம் ஊர் பேரைச் சொல்லவில்லை. படம் எடுத்த கலிபோர்னியாவின் சட்டத்தையே எடுத்துக்குவோம். திட்டமிட்டுக் கொன்றால் முதல்தரக் கொலை. ஆத்திரத்தில், அறிவு தடுமாறி, ஆறுவதற்கு நேரமே இல்லாமல் கொன்றால் அது வாலண்டரி மேன்ஸ்லாட்டர். நம்ம வக்கீல்கள் பாஷையில் கொலையாகாத மரணம் விளைவித்தல். தண்டனை 3, 6 அல்லது 11 ஆண்டு. துப்பாக்கி எடுத்ததற்குத் தனியாக 3, 4 அல்லது 10 ஆண்டு சேரும். வெறும் வார்த்தையால் வந்த ஆத்திரம் போதாது என்றது பழைய ஆங்கிலேயச் சட்டம். கலிபோர்னியா நீதிமன்றங்கள் வார்த்தையும் போதும் என்றன. ஆக அந்தச் சலுகை மில்ஸுக்கு உண்டு. முதல் குண்டிலேயே அவன் செத்தான். அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தார். ஆத்திரத்துக்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? எதிரணிக்கு உதவுகிற சாட்சியை நானே எடுத்துத் தர்றேன், வச்சுக்குங்க. (சிரிப்பு)

ஆனால் தண்டனை குறையும் என்பது வேறு, குற்றமே இல்லை என்பது வேறு. எதிரணியில் பேசிய தங்கை, "அவனே சாகத்தானே ஆசைப்பட்டான்" என்று கேட்டாங்க. தங்கச்சி, செத்தவன் சம்மதிச்சான் என்பதைக் கொலை வழக்கில் எந்தக் கோர்ட்டும் ஏத்துக்காதும்மா.

அடுத்தது, செத்தவன் யார் காவலில் இருந்தான்? கையில் விலங்கு. மண்டியிட்டு இருக்கிறான். காவலுக்குப் பொறுப்பான அதிகாரியே சுடுகிறார். இங்கே மாநிலச் சட்டத்தோடு மத்திய சட்டமும் வந்துவிடும். அதிகாரத்தில் இருப்பவர் ஒருவரின் உரிமையை வேண்டுமென்றே பறித்து, அதில் உயிரும் போனால், ஆயுள் தண்டனை வரை, ஏன், மரண தண்டனை வரைகூடப் போகலாம். மாநில ஜூரி கண்ணீர் விட்டு விடுதலை செய்தாலும் மத்திய அரசு வழக்குப் போடலாம். ராட்னி கிங்கை அடித்த லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ்காரர்களை 1992-ல் மாநில ஜூரி பெரும்பாலும் விடுவித்தது. ஊரே பற்றி எரிந்தது. 1993-ல் மத்திய நீதிமன்றத்தில் இரண்டு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது.

"ஜூரிக்கும் மனசு உண்டு" என்றார் எதிரணி அண்ணன். உண்டு அண்ணே. 1993-ல் அதே கலிபோர்னியாவில் ஒரு தாய், தன் மகனிடம் தவறாக நடந்ததாக வழக்கில் நின்ற ஒருவனைக் கோர்ட்டுக்குள்ளேயே சுட்டுக் கொன்றாள். ஊரே அவள் பக்கம். ஆனாலும் ஜூரி குற்றம் என்றுதான் சொன்னது. பத்து ஆண்டு தண்டனை. 1997-ல் ஜூரர் ஒருவரின் நடத்தை சரியில்லை என்று தீர்ப்பின் ஒரு பகுதி ரத்தாகி, அந்த ஆண்டே வெளியே வந்தாள். மூணு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தாள். ஜூரிக்கு மனசு இருந்ததால்தான் அது கொலைக் குற்றமாகவில்லை. மனசு இருந்தும் விடுதலை செய்யவில்லை.

இப்ப என் வழக்கின் உயிர்நிலைக்கு வர்றேன். எல்லாரும் மில்ஸின் மனைவியைப் பற்றிப் பேசினோம். அந்தப் படத்தில் இன்னொருத்தன் இருக்கிறான், ஞாபகம் இருக்கா? காமம் என்ற பாவத்துக்காக, துப்பாக்கியை வாயில் திணித்து, ஒரு பெண்ணைக் கொல்லும்படி கட்டாயப்படுத்தினானே ஜான் டோ, அந்த மனுஷன்! நடுங்கி, அழுது, போலீஸ்காரர் முன்னால் உட்கார்ந்திருப்பானே! அவன் கையில் ரத்தம். உயிருக்குப் பயந்து செய்தேன் என்பது கொலைக்கு எதிர்வாதமாகாது என்று 2002-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அவனுக்கு இருந்த ஒரே துணை என்ன? கட்டாயப்படுத்தியவனே கோர்ட்டில் நின்று, ஆமாம், நான்தான் துப்பாக்கியை வைத்தேன் என்று சொல்வது. அந்தச் சாட்சியை மில்ஸ் சுட்டுக் கொன்றுவிட்டார், ஐயா! (கைதட்டல்)

ஜான் டோ எழுதிய நோட்டுப் புத்தகங்கள் இருக்கே என்பீர்கள். 2000 நோட்டு. தேதி கிடையாது, வரிசை கிடையாது. நோட்டுப் புத்தகத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியுமா?

1963-ல் டல்லாஸ் போலீஸ் கட்டடத்துக்குள், காவலில் இருந்த ஓஸ்வால்டை ஜாக் ரூபி சுட்டான். 1964-ல் ரூபிக்கு மரண தண்டனை. 1966-ல் அது ரத்து. மறு விசாரணைக்கு முன்பே 1967-ல் செத்துப்போனான். ஓஸ்வால்டு மேல் விசாரணை நடக்கவே இல்லை. அறுபது வருஷம் தாண்டியும் கென்னடியைக் கொன்றது யார் என்று ஜனங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஜான் டோ கொன்றவர்களுக்கும் குடும்பம் உண்டு. ஏன் செய்தாய் என்று கோர்ட்டில் அவனைப் பார்த்துக் கேட்கும் உரிமை அவர்களுக்கும் இருந்தது.

மணி அடிச்சிட்டீங்க, முடிச்சிடறேன். நடுவர் அவர்களே, நான் கேட்பது இவ்வளவுதான். கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு நடுத்தட்டான 6 ஆண்டு, துப்பாக்கிக்குக் குறைந்தபட்சம் 3 ஆண்டு, மொத்தம் 9. இனி போலீஸ் சட்டையும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. உள்ளே இருக்கும்போது சாமர்செட் வந்து பார்க்க வாரம் ஒருநாள் அனுமதி கொடுங்க; அதுக்கு நானே மனு எழுதித் தர்றேன். (கைதட்டல்)