முதியோரும் நோய்ச் சோதனையும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கால் நூற்றாண்டாகக் கல்விப் பணியாற்றிவரும் நம் கழகத்தின் வெள்ளி விழாவில், நம் வீட்டு முதியோரின் உடல்நலம் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயல்களிலும், திராட்சைத் தோட்டங்களிலும், மலைமேல் ஏலத் தோட்டங்களிலும் உழைத்துத் தேய்ந்தவர்களின் கூலியால்தான் நம்மில் பலர் பள்ளிப் படி ஏறினோம். அக்கடனை எங்ஙனம் தீர்ப்பது?

கடன் வாங்கியேனும் எல்லாச் சோதனைகளையும் செய்துவிடுவதே அன்பு என்று எண்ணுவோர் உளர். "வயதாகிவிட்டது, இனி எதற்கு?" எனக் கைவிடுவோரும் உளர். இரண்டும் பிழை என்பதற்குப் பெருங்குடல் புற்றுநோய் ஒரு சான்று.

இந்நோய் பெரும்பாலும் குடலின் உட்சுவரில் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழிந்தே புற்றாகிறது. ஆதலால் தொல்லை ஏதுமில்லாதவருக்குச் செய்யும் சோதனையின் பலன் உடனே கிட்டுவதில்லை. மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் காணும் சோதனை பற்றிய ஆய்வுகளை 2013-இல் தொகுத்துக் கணித்தபோது, ஆயிரம் பேரைச் சோதித்து ஓர் உயிரைக் காக்க ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகும் எனத் தெரிந்தது. தீங்கோ அன்றே நேரலாம். குழாய் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக்கு முன் பேதி மருந்து தருவர். தளர்ந்த உடல் நீர் வற்றி மயங்கக்கூடும். அரிதாகக் குடலில் இரத்தக் கசிவோ துளையோ ஏற்படும்.

எனவேதான் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021-இல், 45 முதல் 75 வயது வரை அனைவருக்கும் இச்சோதனையைப் பரிந்துரைத்து, 76 முதல் 85 வரை அவரவர் உடல்நிலையையும் விருப்பத்தையும் முன்பு செய்த சோதனைகளையும் கொண்டு முடிவு செய்யச் சொன்னது. அது இந்நோய் மிகுந்த நாட்டின் கணக்கு. நம் மைய அரசு 2016-இல் வகுத்த நெறிகள், 30 முதல் 65 வயதினர்க்கு வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கே பொதுச் சோதனையைக் கூறின. அண்டை மாவட்டமான திண்டுக்கல்லில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குச் செவிலியர் செய்த எளிய கருப்பை வாய்ச் சோதனையால் அந்நோய் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆகவே, தாத்தாவின் குடலைப் பற்றிக் கவலைப்படும் இளைஞர், முதலில் தம் தாயை அச்சோதனைக்கு அழைத்துச் செல்லட்டும்.

வயதின் எண் மட்டும் அளவுகோல் அன்று. எழுபதிலும் களை எடுக்கும் பாட்டியும், அதே எழுபதில் இதயம் தளர்ந்து படுக்கையில் கிடப்பவரும் ஒருவரல்லர். முன்னவருக்குச் சோதனை பயன் தரலாம். பின்னவருக்கு அது வீண் துன்பம். மருத்துவரிடம் கேளுங்கள்: இதன் பலனை அடையும் காலம் இவருக்கு உண்டா? நோய் தெரிந்தால் சிகிச்சையைத் தாங்குவாரா? எல்லாவற்றுக்கும் மேலாக, முதியவரையே கேளுங்கள்: இதை விரும்புகிறீர்களா?

ஒன்றை மறவாதீர். இக்கணக்கெல்லாம் தொல்லை இல்லாதவர்க்கே. மலத்தில் இரத்தம், காரணமற்ற மெலிவு, சோகை, மலம் கழிக்கும் வழக்கத்தில் நீடித்த மாற்றம் ஆகியவை தோன்றினால், "மூலச் சூடு" என்று மறைத்து வைக்காமல் எவ்வயதிலும் மருத்துவரிடம் செல்க. க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே சிகிச்சை பெறுவது சலுகையன்று, உரிமை.

கேள்வி கேட்கவே நம் முன்னோர்க்கு உரிமை மறுக்கப்பட்டிருந்தது. மருத்துவர் முன் கைகட்டி நின்ற அவர்களுக்காக, கற்ற நாம் அருகே நின்று கேட்போம். விடையை அவர்களுக்குப் புரியும்படி எடுத்துரைப்போம். முடிவை அவர்களிடமே விடுவோம். இதுவே கற்ற கல்வியின் பயன்.