தற்செயல் அல்லவென்றால் கடவுள் செயலா?



கடவுள் விஷயமாய் நம்மோடு தர்க்கம் செய்ய வருகிறவர்களில் சிலர் இப்போது புராணத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவதில்லை. கணக்கை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். "இது தற்செயலாய் நடக்கக் கோடியில் ஒரு பங்குகூட இடமில்லை, ஆதலால் அவன் செயல்" என்கிறார்கள். எண்ணைக் கண்டவுடன் நம்மவர்களில் பலர் வாயடைத்துப் போகிறார்கள். நாமும் கணக்கு அதிகம் படித்தவர்களல்ல. ஆனாலும் மோசம் எந்த இடத்தில் நடக்கிறதென்று பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

இந்த வாதம் புதிதுமல்ல. 1710-ம் வருஷத்தில் ஜான் ஆர்புத்நாட் என்பவர், ஆன் ராணிக்கே வைத்தியம் பார்த்தவர், லண்டன் நகரத்தில் 82 வருஷமாய் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஒரு வருஷம் தவறாமல் ஆண் குழந்தையே அதிகம். பூவா தலையா என்று காசு சுண்டுவது போல் ஆணும் பெண்ணும் சரிபாதி சந்தர்ப்பத்தில் பிறப்பதாயிருந்தால், 82 தடவையும் ஒரே பக்கம் விழுமா? 2-ஐ 82 தடவை பெருக்கினால் 25 இலக்கமுள்ள எண் வருகிறது. அத்தனையில் ஒரு பங்குதான் இடமுண்டு. ஆகையால் தற்செயல் அல்ல என்றார். இதுவரை அவர் சொன்னது முழு நியாயம்.

அடுத்த வரியில் "ஆகவே ஆண்டவன் திட்டம்" என்றார்! ஆண்கள் வெளியே போய் ஆபத்தில் அதிகம் சாகிறார்களாம். அதற்கு ஈடாக ஆண்டவன் ஆணைக் கூடுதலாகப் படைக்கிறாராம். ஒருவனுக்குப் பல பெண்டாட்டி கூடாதென்பதும் இதிலேயே ருஜுவாகிறதாம். ஒரே கணக்கில் எத்தனை லாபம் பாருங்கள்!

தோழர்களே, கணக்கு தள்ளியது எதை? "சரிபாதி" என்ற ஒரே எண்ணத்தைத்தான். அதற்குப் பதில் எதுவென்று அது வாய் திறக்கவேயில்லை. நிக்கோலாஸ் பெர்னூலி என்ற ஸ்விட்ஜர்லாந்துக் கணிதர் 1713-லேயே இதைக் காட்டினார். 35 முகமுள்ள பகடையில் 18 முகம் ஆண், 17 முகம் பெண் என்று வைத்து உருட்டினால் லண்டன் கணக்கு வந்துவிடும், அதிசயமில்லை என்றார்.

"பகடையைச் செய்தது யார்?" என்பார்கள். கரு உண்டாகும்போது ஆணும் பெண்ணும் சமம். கர்ப்ப காலத்தில் பெண் கரு சற்று அதிகமாய் அழிகிறது என்று 2015-ல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சி சொல்லுகிறது. இந்த நஷ்டத்தையும் ஆண்டவன் பேரில் பற்று எழுதுவார்களா?

இன்னொரு கேள்வி அடிக்கடி கேட்கப்படுகிறது. "தற்செயலுக்கு 20-ல் 1 பங்கே இடமென்றால், சொன்ன விஷயம் 100-க்கு 95 பங்கு நிஜந்தானே?" என்கிறார்கள். இல்லை. இந்தக் கூட்டத்தில் 320 பேர் இருப்பதாய் வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஐந்து தடவை காசு சுண்டினால் சுமார் 10 பேருக்கு ஐந்தும் தலையாகவே விழும். ஒருவனுக்கு அப்படி விழ 32-ல் 1 பங்கே இடம். அந்தப் பத்துப் பேரை மாத்திரம் மேடையேற்றி, மற்ற 310 பேரை மறைத்துவிட்டால் பத்து சித்தர்கள் கிடைத்துவிடுவார்கள்! அவர்களில் ஒருவனுக்கும் சக்தி கிடையாது. ஜோசியக்காரன் பலித்ததை மாத்திரம் சொல்லுவதும் இதுவே. படித்தவர்களே இதில் தடுமாறுவதால் 2016-ல் அமெரிக்கப் புள்ளிவிவர சங்கம் அறிக்கை விட்டு எச்சரிக்க வேண்டியதாயிற்று. அந்த 20-ல் 1 என்பதும் 1925-ல் ரொனால்டு பிஷர் சௌகரியத்துக்காகச் சொன்ன எல்லையே தவிர வேதமல்ல. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாலும் அப்படியே வரவேண்டுமென்று அவரே மறு வருஷம் எழுதினார்.

நமக்குச் சாதகமாய் ஒரு புள்ளிவிவரம் வந்தாலும் இதே கேள்விகளை நாமும் கேட்டாக வேண்டும். அங்கே நம் தோழர்களும் வழுக்குவதுண்டு.

நம் நாட்டிலும் சில ஜில்லாக்களில் பெண் குழந்தைகள் எண்ணிக்கை அளவுக்கு மீறிக் குறைந்திருந்தது. 1992-ல் சர்க்கார் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டி வந்தது. எண்ணிக்கை சொல்லக்கூடியது "இது இயற்கையின் பகடை அல்ல" என்பது மாத்திரமே. அதைக் கேட்டு விதியென்றும் சாபமென்றும் உட்கார்ந்திருக்கலாம். வீடு வீடாய்ப் போய் விசாரித்தவர்களுக்குத்தான் கள்ளிப்பாலும் வரதட்சணையும் தெரிந்தன.